ஸ்லைடு எண் 1137

மெழுகுத் தொட்டி அறுபது டிகிரியில் கொதிக்காமல் உருகிக் கிடக்கிறது.
அது தெறித்த வடு என் இடது மணிக்கட்டில்,
ஆறு வருடமாக.
முன்பற்களில் பழுப்புக் கோடுகள்:
நல்லம்பள்ளிக் கிணற்றுத் தண்ணீர்
நான் சிறுமியாய் இருந்தபோது கிழித்தவை.
காவிரி குழாயில் வந்தபின்னும்
பல் மறக்கவில்லை.

தர்மபுரி, பெரிய ஆஸ்பத்திரி, பேதாலஜி லேப்.
ஏப்ரல். மின்விசிறி சூட்டைக் கலக்கிக்கொண்டிருக்கிறது.
எனக்கு இன்று மூன்றாம் நாள்.
அடிவயிற்றில் யாரோ ஈரத்துணி பிழிகிறார்கள்.
மாத்திரை ஒன்று, டீ இரண்டு.

கண்ணாடித் துண்டை லென்ஸுக்கடியில் தள்ளுகிறேன்.
ஊதாவும் ரோஸுமாய் விரிகிறாள்
கெம்பம்மா, வயது நாற்பத்துநாலு, மாரண்டஹள்ளி.

படித்த காலத்தில் தப்பாகப் புரிந்து வைத்திருந்தேன்,
எல்லாம் உதிர்ந்து, ரத்தம் நின்று,
அதற்கப்புறம்தான் முளைக்கும் என்று.
அப்படியில்லை.

புரோஜெஸ்ட்ரோன் சொல்லிக்கொள்ளாமல் இறங்கிப்போகிறது.
அந்த இறக்கம்தான் உத்தரவு.
சுருள் நாளங்கள் இறுக, மேல்தளம் மூச்சடைத்துக் கழல்கிறது.
அடித்தளம் போவதில்லை.
அங்கே அறுபட்டு நிற்கும் சுரப்பிகளின் வாய்விளிம்பிலிருந்து
செல்கள் நகரத் தொடங்கிவிடுகின்றன,
ஓட்டம் நிற்கும் முன்பே,
என் நாப்கின் இன்னும் நனைந்துகொண்டிருக்கும்போதே.
ஈஸ்ட்ரோஜன் அப்போது அடிமட்டத்தில் கிடக்கிறது.
அதற்காக அவை காத்திருப்பதில்லை.
மூச்சு முட்டியதே போதும், கிளம்புவதற்கு.
ஐந்தாறு நாளில் புண் மூடிவிடும்.
பிறகுதான் வருகிறது ஈஸ்ட்ரோஜன்,
பூசிய தரையின் மேல் மாடி எழுப்ப.

கணக்குப் போட்டுப் பார்த்தேன் ஒருநாள்:
இதுவரை இருநூற்றுப் பத்து தடவை
எனக்குள் கிழிந்திருக்கிறது.
ஒரு தழும்பு?
தேடினாலும் கிடைக்காது.
மணிக்கட்டே, பல்லே, வெட்கப்படுங்கள்.

மதியம் ஜன்னலைத் தட்டினாள்.
"ரிசல்ட்டு வந்துருச்சாங்க?"
விண்ணப்பத்தில் கடைசி விலக்குத் தேதி காலி.
டாக்டர் நப்பின்னை ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தார்.
கேட்டேன்.
"தக்காளி கிலோ மூணு ரூபாய்க்குப் போச்சே,
அப்ப ஆரம்பிச்சது.
இப்ப பதினெட்டு. இன்னும் நிக்கல."
பாலக்கோடு மண்டியில் கிரேடு அடுக்குகிறாளாம்.
இரண்டு மாதமாகக் கறுப்புச் சேலை மட்டும்தானாம்.
"சாவு வீடான்னு கேக்கறானுங்க"
என்று சிரித்தாள்.
அதே பழுப்புக் கோடுகள்.
எந்தக் கிணறு என்று கேட்க வாய் வந்தது,
கேட்கவில்லை.

அவள் கண்ணாடியில் நான் பார்த்தது:
முட்டை வெளியேறவில்லை.
ஈஸ்ட்ரோஜன் நிறுத்தாமல் கட்டிக்கொண்டே போயிருக்கிறது.
புரோஜெஸ்ட்ரோன் வரவேயில்லை.
வராத ஒன்று எப்படி விலகும்?
உத்தரவில்லாமல் இங்கொரு திட்டு இடிகிறது,
அங்கொரு திட்டு ஆறுகிறது,
ஆறின இடத்துக்கு ஒட்டினாற்போலவே அடுத்தது.
சோம்பேறித்தனம் எங்குமில்லை.
செல்கள் ஓடி ஓடி அடைக்கின்றன, பாவம்,
மண்டியில் ஒரு பக்கம் அடுக்க
மறுபக்கம் சரியும் கூடைகளைப் பிடிப்பதுபோல.

"புத்து இல்லையே?"
நான் சொல்லக்கூடாது.
கையெழுத்து டாக்டருடையது, நாலு மணிக்கு மேல்.
"உட்காருங்க. அவங்க வரட்டும்.
தண்ணி குடிக்கிறீங்களா?"
கேனைப் பார்த்தாள். "காவேரியா?"
ஆமாம் என்றேன்.
அண்ணாந்து குடித்தாள், கழுத்து நரம்பு ஏறி இறங்க.

டம்ளரை வாங்கிக்கொண்டு திரும்பியவள்
வழக்கம்போல் வெள்ளைக் கோட்டின் பின்பக்கத்தை
ஒருதடவை இழுத்துப் பார்த்துக்கொண்டேன்.
பின்னாலிருந்து,
யாருக்கும் கேட்காத குரலில்
கெம்பம்மா சொன்னாள்:
"ஒண்ணும் படலீங்க."